வாலைப் பார்த்தால் வயது தெரியும்

தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்து இன்றோடு 24 நாள். முப்பத்தொண்டுக்கு, அதுதான் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. ஐயருக்குச் சொல்லியாயிற்று, தொட்டிலுக்குச் சீலை எடுத்தாயிற்று, காப்புக்கும் சொல்லியாயிற்று, பெயர் மட்டும் இல்லை. வீட்டில் இரண்டு பட்டியல் ஓடுகிறது. ஒன்று தங்கச்சியின் போனில்: லக்சிகா, டிலக்சனா, அக்சயா, ஆருஷா என்று நாற்பதுக்குக் கிட்ட. மற்றது அம்மம்மாவின் வாயில்: மங்கையர்க்கரசி, திலகவதி, அன்னபூரணி. தங்கச்சியின் பட்டியலைக் கேட்டால் மருந்துக் குளிசைகளின் பெயர் மாதிரி இருக்கிறது என்கிறா அம்மம்மா. அம்மம்மாவின் பட்டியலைக் கேட்டால் கோயிலில் உபயகாரர் பெயர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள் தங்கச்சி. நான் பெரியம்மா, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறேன்.

இந்தச் சண்டையை எல்லோரும் பழசுக்கும் புதுசுக்கும் நடக்கிற சண்டை என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் பெயரை அதன் வாலைப் பிடித்துப் பாருங்கள், அவ எந்தக் காலத்துப் பிள்ளை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூட்டியின் காலத்தில் வால் ‘அம்மா’: பொன்னம்மா, செல்லம்மா, நாகம்மா, தங்கம்மா. கூடவே சின்னாச்சி, அன்னப்பிள்ளை. அதற்கு அடுத்து ‘ஈஸ்வரி’ வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. எங்கள் அம்மம்மா பிறந்த வீட்டில் நாலு பெண் பிள்ளைகள், நாலும் ஈஸ்வரி: இராசேஸ்வரி, பரமேஸ்வரி, புவனேஸ்வரி, நாகேஸ்வரி. அம்மாவின் காலத்தில் ராணி, தேவி, மலர். பிறகு சாந்தி, வசந்தி, மாலதி என்று கொஞ்சம் சுருக்கமாக. எங்கள் வகுப்பில் சினி, தினி, ஜினி. அப்புறம் சிகா, சனா, ஷா. இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு வாலே வேண்டாம் என்கிறார்கள், நிலா, இயல், ஆரா என்று இரண்டெழுத்து மூன்றெழுத்தில் முடிந்துவிடுகிறது.

யாழ் மாநகர சபையின் பெண் முதல்வர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 1998 இல் சரோஜினி யோகேஸ்வரன், 2009 இல் யோகேஸ்வரி பற்குணராசா, 2025 இல் மதிவதனி விவேகானந்தராசா. ஜினி, ஈஸ்வரி, வதனி என்று மூன்று வால். ஒரு நகரத்தின் பெயர் வரலாறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

அதாவது அம்மம்மா இன்று ‘நல்ல சைவப் பெயர்’ என்று சொல்கிற இராசேஸ்வரி, அவவின் தாய்க்கு அந்த நாளைய ஸ்டைல் பெயர். பொன்னம்மா என்று வைத்தால் பட்டிக்காடு மாதிரி இருக்கும், நீளமாக, சமஸ்கிருதமாக, படித்த வீடு மாதிரி இருக்கட்டும் என்று வைத்தது. இன்று தங்கச்சி லக்சிகாவுக்குச் சொல்கிற ஞாயமும் கிட்டத்தட்ட அதேதான். இதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வருகிறது.

வெளிநாட்டுப் பெயர் மோகம் இந்த வாட்சப் காலத்தில் வந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. 1823 இல் அமெரிக்க மிஷன்காரர் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில், படிப்புக்குக் காசு அனுப்பிய அமெரிக்க உபகாரிகளின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது வழக்கமாக இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நாங்கள் தமிழறிஞர் வரிசையில் படிக்கிற பெயர்களின் முன்பாதி அப்படி வந்ததுதான். இருநூறு வருசத்துக்கு முந்திய கதை. ஆக, ஆருஷா ஒன்றும் முதல் குற்றவாளி இல்லை.

சரி, அப்படியென்றால் எது உண்மையாகவே பழைய பெயர்? என் கணக்கில், ஒரு காலத்தின் வால் ஒட்டாத பெயர். வள்ளி, மீனாட்சி, அபிராமி, உமா, கௌரி, சரஸ்வதி. இவை எந்தத் தலைமுறையிலும் ஒன்றிரண்டு இருக்கும், எந்தத் தலைமுறையிலும் வகுப்புக்கு ஐந்து இருக்காது. பெரியபுராணத்தில் இருந்து வந்த திலகவதி, புனிதவதி, மங்கையர்க்கரசி ஆகியவையும் இந்தச் சாதிதான். அப்பரின் தமக்கை, காரைக்கால் அம்மையார், பாண்டிமாதேவி. நாவலர் பெரியபுராணத்தை வசனமாக எழுதி, அது வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்ட ஊர் இது, அந்தப் பெயர்கள் இங்கே ஊறிக் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் புராணம் தந்த எல்லாப் பெயரும் தங்கவில்லை. மாவிட்டபுரத்துக் கதையில் குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசிக்கு மாருதப்புரவீகவல்லி என்று பெயர். கோயில் கதை எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயரில் ஒரு பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. தங்கம்மா என்றால் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலையும் அதை வளர்த்தெடுத்த தங்கம்மா அப்பாக்குட்டியையும் (1925–2008) நினைத்துக் கை கூப்புகிறோம், பிள்ளைக்கு வைப்போமா என்று கேட்டால் சிரிக்கிறோம். மரியாதை வேறு, பத்திரத்தில் எழுதுவது வேறு.

பாட்டியின் பெயரை வைக்கிற வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெயரன்தான் பேரன் ஆனான், பெயரை ஏற்கிறவன் என்று பொருள். எங்கள் பக்கத்தில் பாட்டன் பாட்டியையும் பேரன், பேத்தி என்றே சொல்வோம், பேரனார், பேத்தியார் என்று. பெயரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு முனைக்கும் ஒரே சொல். கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மாமியார் உயிரோடு வீட்டில் இருக்கும்போது அவவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, “எடி பரமேஸ்வரி, இஞ்ச வா, உனக்குப் பூசை தாறன்” என்று எந்த மருமகள் ஏசுவாள்? அதனால் பழைய பெயர் நேராக இறங்காமல் ஒரு தலைமுறை தாண்டித்தான் வரும், அல்லது பத்திரத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வரும், அதுவும் இல்லாவிட்டால் பாதியாக வெட்டி ஒட்டப்படும். தகப்பன் பெயரில் முன்னிரண்டு எழுத்து, தாய் பெயரில் பின்னிரண்டு எழுத்து என்று ஒட்டுகிற கைவேலை அதன் அடுத்த படி. மூத்தவன் தர்சன் என்றால் அடுத்தது தர்சினி, கடைக்குட்டி தர்சிகா. ரீச்சருக்கு இடாப்புக் கூப்பிடும்போது நாக்குச் சுளுக்கும்.

இனி இந்தச் சண்டையில் யாரும் பெயர் சொல்லாத முக்கியமான ஆளுக்கு வருகிறேன், அதாவது நட்சத்திர எழுத்து.

பிள்ளைக்கு ஆயிலியம், இரண்டாம் பாதம். (ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. தங்கச்சியின் மாமியார் அதை எதிர்காலச் சம்பந்தி வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிட்டா, நல்ல மனுசி.) சாத்திரியார் குறிப்பு எழுதிய தாளின் மூலையில் பெயர் எழுத்து என்று டி, டு, டே, டோ நாலையும் எழுதி, டு வைச் சுழித்துத் தந்தார். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், மொத்தம் 108 பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. இந்த அட்டவணை வடமொழி எழுத்துக்குப் போட்ட கணக்கு. அங்கே ஆயிலியத்துக்கு வருவது ஒலிப்புள்ள ‘ட’, டொக்டர் என்று சொல்கிறபோது வருகிற ட. பூரத்துக்கு வேறு ட. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான்.

சிக்கல் அதோடு முடியவில்லை. தமிழ்ச் சொல் ட வில் தொடங்காது. நன்னூல் மொழிமுதலாக வரக்கூடிய எழுத்துகளைச் சொல்லும்போது பன்னிரண்டு உயிரையும், க ச த ந ப ம வ ய ஞ ங என்ற பத்து மெய்யின் உயிர்மெய்யையும்தான் சொல்கிறது. ர வும் ல வும்கூட இல்லை, அதனால்தான் பழைய பத்திரங்களில் இராசம்மா, இலட்சுமி, இரத்தினம் என்று முன்னால் ஓர் இ முட்டுக் கொடுத்து நிற்கும். ட வுக்கு அப்படி ஒரு முட்டும் கிடையாது. 108 பாதத்தில் பூசம் நாலாவது, ஆயிலியம் முழுவதும், பூரத்தில் மூன்று, உத்தரத்தில் இரண்டு என்று பத்துப் பாதம் ட வில் கிடக்கிறது. அந்த நேரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தமிழிலும் பெயர் இல்லை, வடமொழியிலும் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பெயர் இல்லை. அப்போது தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? திலகத்தையும் லட்சணத்தையும் எடுத்து, தி யை டி ஆக்கி, டிலக்சனா என்று ஒன்றைச் செய்வார்கள். டினுசா, டிலானி, டனுசியா எல்லாம் இந்தப் பட்டறையில் வார்த்தவைதான் என்று நினைக்கிறேன். ஆக, நாங்கள் நாகரிகம் என்று திட்டுகிற பெயர்களில் பாதி, சாத்திரத்தை விடாப்பிடியாகக் கடைப்பிடித்ததால் வந்தவை. அம்மம்மாவின் பஞ்சாங்கம்தான் தங்கச்சியின் பட்டியலைப் பெற்றது. இதை நான் அம்மம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு அட்டவணை தருகிற எழுத்து ங. ஔவையாரே ‘ஙப்போல் வளை’ என்று வளைத்துத்தான் தப்பினார். அத்தம் மூன்றாம் பாதத்துக்கு ண. அந்த இடங்களில் எந்தச் சாத்திரியாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை, பக்கத்துப் பாதத்து எழுத்தைத் தந்துவிடுவார். வளைக்கலாம் என்றால் எல்லா இடத்திலும் வளைக்கலாம்தானே? இன்னொன்று, எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். இரண்டிலும் நட்சத்திரம் மாறுகிற நேரம் ஒன்றாக இருக்காது, எல்லையில் பிறந்த பிள்ளைக்கு ஒன்றில் இரண்டாம் பாதம், மற்றதில் மூன்றாம் பாதம் வரலாம். எழுத்தும் அதோடு மாறும். எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் முடிவெடுங்கள், அதற்குப் பிறகு பெயருக்குச் சண்டை பிடிக்கலாம்.

இதற்கு மேலே எண்சாத்திரம். இது தமிழ் எழுத்தைத் தொடுவதே இல்லை, ஆங்கில எழுத்துக்குத்தான் எண். கல்தேயர் முறை என்று சொல்வார்கள்: ஏ, ஐ, ஜே, கியூ, வை ஐந்துக்கும் 1, பி, கே, ஆர் மூன்றுக்கும் 2, இப்படியே 8 வரை போகும், எந்த எழுத்துக்கும் 9 இல்லை. யாழினி என்பதை வை, ஏ, எல், ஐ, என், ஐ என்று எழுதினால் 1, 1, 3, 1, 5, 1, கூட்டினால் 12, அதைக் கூட்டினால் 3. கடைசி ஐ யை எடுத்துவிட்டு வை போட்டாலும் அதே 12, இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எண் ஒன்று கூட வேண்டும் என்றால் இன்னும் ஓர் ஏ யைச் சொருக வேண்டும். சிலரின் பெயரில் இரண்டு ஏ யும் மூன்று ஏ யும் வரிசையில் நிற்பது இதனால்தான். பிள்ளை வாழ்நாள் முழுக்கப் போனில் “இல்லை, டபுள் ஏ” என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

தூய தமிழ்ப் பெயர்களின் கதை வேறு. வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் 1916 இல் தொடங்கிய இயக்கம் அது. எங்கள் பக்கத்தில் போராட்ட காலத்தில்தான் அது பிறப்புப் பத்திரத்துக்குள் நன்றாக இறங்கியது. தமிழினி, யாழினி, கயல்விழி, அருள்மொழி. யாழினி இந்த ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்த பெயர். ஆனால் கனடாவில் இருக்கிற மாமிக்கு ழ பற்றிய கவலை: “அங்க ஒருத்தருக்கும் வராது பிள்ளை.” எங்கள் ஆட்கள் ழ வை ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதிவிடுகிறார்கள், தமிழ்நாட்டில் இசட் எச் போடுகிறார்கள். எல் போட்டால் ழ போய்விடும், இசட் எச் போட்டால் வெள்ளைக்காரன் வாயில் ஸ வந்துவிடும். நான் எல் பக்கம். ழ வைக் காப்பாற்ற வேண்டியது வீட்டில், பாஸ்போட்டில் இல்லை.

பாஸ்போட் என்றதும் என் சொந்தக் கதை. என் பெயரில் ஒரு ஷ உண்டு. பிறப்புப் பத்திரத்தில் பதிந்தவர் ச என்று எழுதினார், பள்ளிக்கூட இடாப்பில் ஷ, அடையாள அட்டையில் ஸ. தமிழ் படிக்கிறவனுக்கு மூன்றும் ஒரே ஆள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் எஸ் மட்டும், ஒன்றில் எஸ் எச். மூன்றும் நான்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே இருந்தவர், “இதில எந்த ஆள் நீங்கள்?” என்று கேட்டார். பகிடி விட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அதனால் தங்கச்சிக்கு நான் சொன்ன முதல் புத்தி, க்ஷ, ஷ, ஸ, ஜ இருக்கிற பெயர் என்றால் இப்போதே ஒரு எழுத்தைத் தேர்ந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் பதிவாளரிடம் போ, அவர் எழுதியதை அந்த இடத்திலேயே வாசித்துப் பார், அவசரம் என்று கையெழுத்து வைக்காதே. பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு அலைச்சல். பிறகு ஓர் எழுத்தைத் திருத்தவும் தனி விண்ணப்பம். லக்சிகாக்களுக்கு இருக்கிற இந்தத் தலையிடி, வள்ளிக்கும் மாலதிக்கும் கிடையாது. பழைய பெயருக்காக நான் வாதாடுவது என்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வாதாடுவேன்.

பொருள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. டிலக்சனாவுக்குப் பொருள் இல்லை என்று பழிப்பவர்கள், மாலதி என்றால் ஒரு கொடியின் பெயர் என்று தெரிந்தா வைத்தார்கள்? ஆனால் இணையத்தில் பொருள் பார்த்து வைக்கிறவர்கள் ஒருமுறை அகராதியையும் திறக்கட்டும். ஆமிஷா என்று வடிவான பெயர் ஒன்று உலாவுகிறது, தூய்மை என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஆமிஷம் என்றால் இறைச்சி. சைவச் சாப்பாட்டு வீட்டில் அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை வளர்வதை நினைத்துப் பாருங்கள்.

உண்மையில் பெயரை முடிவு செய்வது வாய்தான். அந்த நாலு ஈஸ்வரிகளையும் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ராசு, பரமு, புவனம், நாகு. வால் பத்திரத்துக்கு, தலை வீட்டுக்கு. ஆகவே பெயரைத் தலையில் வெட்டிப் பார்க்க வேண்டும். லக்சிகா, லக்சனா, டிலக்சனா மூன்றும் வெட்டினால் லக்சி. எங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே இரண்டு லக்சி இருக்கிறார்கள், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் ரீச்சர். ரீச்சர் ஆகிவிட்டாள் என்றால் அந்தப் பெயர் எவ்வளவு பழையது என்று யோசியுங்கள். தங்கச்சியின் புதுப் பட்டியலே இருபத்தைந்து வருசப் பழசு. இதைச் சொன்ன அன்றுதான் அவள் போனைக் கீழே வைத்தாள்.

டு வுக்குப் பதிலாக து வைக்கலாமா என்று சாத்திரியாரிடம் போன் போட்டுக் கேட்டோம். “தாராளமாக, தமிழில ட வுக்கு எங்க போறது” என்றார். இதை முதலே சொல்லியிருக்கலாம். து என்றதும் தங்கச்சியின் வாயிலிருந்தே வந்தது, துளசி. எந்தக் காலத்து வாலும் இல்லை, ஷ வும் இல்லை, ழ வும் இல்லை, வெட்டவும் தேவையில்லை. நான் எண்ணும் போட்டுப் பார்த்தேன்: டி, எச், யூ, எல், ஏ, எஸ், ஐ, 4, 5, 6, 3, 1, 3, 1, கூட்டினால் 23. எண்சாத்திரக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடுகிற எண். அம்மம்மாவும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஓம், வாய்க்கு லேசாக இருக்கு என்றா. கனடா மாமியும் சரி என்றுவிட்டா.

பின்னேரம் தங்கச்சியின் மாமனார் வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: “துளசி பெருமாளுக்கெல்லோ பிள்ளை? நாங்கள் சைவக்காரர்.”

வில்வம் என்று வைக்க முடியாது. இன்னும் ஏழு நாள் இருக்கிறது.